ஜெனீவாவில் உலக சுகாதார வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்களுக்கு: போர்டு, நிதி, வீடு, பெர்மிட்

எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிராகப் பணம் தரும் குளோபல் ஃபண்ட், தடுப்பூசிக் கூட்டணியான காவி, உலக சுகாதார நிறுவனம் போன்ற இடங்களில் போர்டு (முடிவெடுக்கும் ஆளும் குழு) வேலைக்கோ, நிதி கொடுக்கும் நாடுகளோடு பேசும் வேலைக்கோ சேர்ந்து ஜெனீவா வந்தவர்கள் பலர் கேட்பது இதுதான்: "நான் டாக்டர் இல்லை, ஆராய்ச்சியாளரும் இல்லை. என் வேலையால் யாருக்கு என்ன பயன்?" நேரடியான பயன் உண்டு. அதைச் சொல்லிவிட்டு வீடு, பெர்மிட் விஷயத்துக்கு வருகிறேன்.

மாநாட்டு மேடையில் ஒரு அமைச்சர் தொகையை அறிவிப்பார், எல்லோரும் கைதட்டுவார்கள். அதன் பெயர் ப்ளெட்ஜ். அப்புறம் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். அதற்கும் பிறகுதான் பணம் வங்கிக்கு வரும். இந்த மூன்றுக்கும் நடுவில் ஆட்சி மாறலாம், பட்ஜெட் வெட்டப்படலாம். குளோபல் ஃபண்டுக்கு 2022இல் நியூயார்க் மாநாட்டிலும் அதன் பிறகுமாகத் திரண்ட வாக்குறுதி 1,570 கோடி டாலர். சொன்ன பணம் சொன்னபடி வந்து சேராததால், 2025 நடுவில் நாடுகளுக்கு ஏற்கெனவே ஒதுக்கியிருந்ததிலிருந்து 143 கோடி டாலரைக் குறைக்க வேண்டி வந்தது. காசநோய் மருந்து, கொசுவலை, எச்.ஐ.வி. சிகிச்சை என்று நடந்துகொண்டிருக்கும் திட்டங்களிலிருந்து போன பணம் அது. உங்கள் எக்ஸெல் ஷீட்டில் "வரவில்லை" என்று நிற்கும் ஒவ்வொரு வரியையும் அந்த நினைப்போடு பாருங்கள்.

அந்தப் பணத்தைக் கேட்பதற்கும் காலம் இருக்கிறது. பிரிட்டனுக்கும் ஜப்பானுக்கும் நம் ஊர் மாதிரியே நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. ஜெர்மனிக்கு டிசம்பரில். அமெரிக்காவுக்கு அக்டோபர் 1இல் புது ஆண்டு தொடங்குகிறது. மார்ச் 28ஆம் தேதி லண்டனுக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பிப் பயனில்லை. ஜனவரியிலேயே பேசுங்கள். பேசும்போது "பணம் எப்போது வரும்?" என்று தொடங்காமல், "உங்கள் நிதி அமைச்சகத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும்?" என்று கேளுங்கள். எதிர்முனையில் இருக்கும் அதிகாரிக்குக் கொடுக்க மனசு இருக்கும். ஆனால் அவர் தன் மேலிடத்துக்குக் காட்ட தணிக்கை அறிக்கை வேண்டும், போன தவணையில் என்ன நடந்தது என்பதற்கு இரண்டு பக்கக் குறிப்பு வேண்டும், அவர்கள் அலுவலகம் ஏற்கும் வடிவத்தில் பணம் கோரும் கடிதம் வேண்டும். மூன்றையும் அவர் கேட்கும் முன்பே கொடுத்துவிட்டால், அவரே உங்களுக்காக உள்ளே வாதாடுவார்.

சின்ன நாடுகளை அலட்சியமாக நினைக்காதீர்கள். குளோபல் ஃபண்டுக்கு வரும் மொத்தப் பங்களிப்பில் அமெரிக்காவின் பங்கு 33 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அந்த நாட்டுச் சட்டமே நீண்ட காலம் சொல்லிவந்தது. அந்தக் கணக்கில் மற்றவர்கள் 2 டாலர் கொடுத்தால்தான் அமெரிக்காவின் 1 டாலர் வரும். ஆகவே ஒரு சின்ன நாடு பின்வாங்கினால் இழப்பு அதன் பணத்தோடு நிற்காது, அமெரிக்கப் பணமும் குறையலாம்.

இனி போர்டு. குளோபல் ஃபண்ட் போர்டில் 20 வாக்குகள். நிதி கொடுப்போர் பக்கம் 10, நிதி பெறும் நாடுகளும் தொண்டு அமைப்புகளும் நோயோடு வாழும் சமூகங்களும் சேர்ந்து 10. ஒரு தீர்மானம் நிறைவேற இரண்டு பக்கத்திலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அப்படியானால் ஏதாவது ஒரு பக்கத்தில் 4 பேர் எதிர்த்தாலே தீர்மானம் நின்றுவிடும். கொடுப்பவரும் பெறுபவரும் சமமாக உட்காரும் இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் நாற்காலி சமமாக இருந்தால் மட்டும் போதாது. பணக்கார நாட்டுப் பிரதிநிதிக்குத் தலைநகரில் ஒரு குழுவே உட்கார்ந்து போர்டு ஆவணங்களைப் படித்துக் குறிப்பு எழுதிக் கொடுக்கும். எதிர்ப்பக்கத்தில் ஒரு சுகாதாரத் துறை அதிகாரி, பகல் முழுக்கத் தன் அமைச்சக வேலையைப் பார்த்துவிட்டு, ராத்திரி தனியாக அதே ஆவணக் கட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார். அதுவும் அவர் தன் நாட்டுக்காக மட்டும் அல்ல: இந்தியாவும் இலங்கையும்கூட தென்கிழக்கு ஆசியக் குழுவில் மற்ற நாடுகளோடு ஒரே நாற்காலியைத்தான் பகிர்கின்றன. கூட்டத்துக்கு முன் அத்தனை பேரும் ஒரே நிலைப்பாட்டுக்கு வர வேண்டும்.

ஆகவே ஆவணம் தயாரானதும் முதல் போனை நிதி பெறும் நாடுகளின் பிரதிநிதிகளுக்குப் போடுங்கள். ஆவணத்தின் எந்தப் பக்கத்தில் அவர்கள் நாட்டுக்குப் பாதிப்பு வருகிறது என்று சொல்லிக் கொடுங்கள். எப்படி வாக்களிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள், அது உங்கள் வேலை அல்ல. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலைய வரிசையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இந்த மேசையில் நமக்கு இருக்கும் பொறுப்பு அதுதான் என்று நம்புகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தில் கணக்கு வேறு. 190க்கும் மேற்பட்ட உறுப்பு நாடுகள், ஜனவரியில் 34 பேர் கொண்ட நிர்வாகக் குழுவின் கூட்டம், மே மாதம் எல்லா நாடுகளும் கூடும் பேரவை. நாடுகள் கட்டாயமாகக் கட்டும் சந்தா நீண்ட காலமாக பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அதை 2030–31க்குள் அடிப்படை பட்ஜெட்டில் பாதியாக உயர்த்த 2022 பேரவையில் முடிவானது. மீதிப் பணம் பெரும்பாலும் "இதற்கு மட்டும்" என்ற நிபந்தனையோடு வருவது.

சரி, வாழ்க்கைக்கு வருவோம். 2025இல் அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக அறிவித்ததிலிருந்து இந்த ஊரில் வேலை இழந்த குடும்பங்கள் நிறைய. உங்கள் ஒப்பந்தம் எத்தனை வருடம், எந்த நிதியிலிருந்து சம்பளம், பதவி நீக்கப்பட்டால் என்ன கிடைக்கும் என்று முதல் வாரமே ஹெச்.ஆரிடம் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். இங்கே தங்க அனுமதியாக சுவிஸ் வெளியுறவுத் துறை தரும் லெஜிதிமேஷன் கார்டு அந்த வேலையோடு கட்டப்பட்டது, வேலை முடிந்தால் அதுவும் முடியும். பெரிய கடன் எதையும் முதல் வருடம் வாங்காதீர்கள்.

மனைவியோ கணவரோ வேலை தேடுகிறார் என்றால், அவர் இங்கே வேலை செய்ய சிஐ பெர்மிட் என்று ஒன்று உண்டு. அதற்கு நீங்கள் சுவிஸ் எல்லைக்குள் ஒரே வீட்டில் வாழ வேண்டும். வாடகை குறைவு என்று ஃபெர்னே-வோல்தேர் பக்கம் பிரான்சில் வீடு பிடிக்கும் முன் இதை யோசித்துவிடுங்கள். பலர் இதைப் பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

ஜெனீவாவில் வீடு கிடைப்பது கஷ்டம். வீட்டு ஏஜென்சியை இங்கே ரெஜி என்பார்கள். பாஸ்போர்ட், கார்டு, சம்பளக் கடிதம், கடன் பாக்கி இல்லை என்ற சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி, வீடு பார்த்த அன்றே அனுப்புங்கள். புதிதாக வந்தவருக்கு அந்தச் சான்றிதழில் வரலாறு இருக்காது, அலுவலகக் கடிதம் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. குடியேறும் குடும்பங்களுக்கு வழிகாட்டவே காஜி (CAGI) என்ற வரவேற்பு மையம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். மே மாதத்தில் மட்டும் தற்காலிக அறை தேடும் நிலைமையை வைத்துக்கொள்ளாதீர்கள். பேரவைக்கு வரும் பிரதிநிதிகளால் ஹோட்டல்கள் நிரம்பிவிடும்.

இன்னொன்று. 1983க்குப் பிறகு அகதிகளாக வந்து இந்த நாட்டில் வேரூன்றிய ஈழத்தமிழர் குடும்பங்கள் சுவிஸ் முழுக்க இருக்கின்றன. கடை, கோயில், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி எல்லாம் அவர்கள் கட்டியவை. அலுவலக வட்டத்துக்குள்ளேயே இருந்துவிடாமல் அவர்களோடு பழகுங்கள். எந்த டாக்டர் புது நோயாளிகளைச் சேர்க்கிறார், பள்ளியில் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் அந்த அண்ணாமார், அக்காமாருக்குத்தான் தெரியும். பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் சேர்க்க நினைத்தால் புது வகுப்பு தொடங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.