புதுப்பிப்பு: கிடாரிக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாமா?

தேவகோட்டைப் பக்கம் எங்கள் சித்தப்பா வளர்க்கும் எட்டு மாதக் கலப்பினக் கிடாரிக்கு, மடி பெருக்க வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடச் சொல்லி ஒருவர் வற்புறுத்துகிறார் என்று முன்பு கேட்டிருந்தேன். கால்நடை மருத்துவரிடம் பேசியாயிற்று. ஊசி வேண்டாம் என்று முடிவு.

அந்த ஊசி கறவை மாட்டுக்கானது. ஈன்று இரண்டு மாதம் கழித்து, 14 நாளுக்கு ஒருமுறை போடுவது. ஹார்மோன் கல்லீரலைத் தூண்டி ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது, தீனிச்சத்து மடிப்பக்கம் திரும்புகிறது, பால் 10 முதல் 15 சதவீதம் கூடுகிறது. கூடவே மடிநோயும் கூடுகிறது. அமெரிக்காவில் 1994 முதல் விற்பனை. ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் அனுமதிக்கவில்லை. கிடாரிகளுக்குப் போட்ட ஆய்வுகளில் மடித்திசு வளர்ந்தது, ஆனால் பிறகு பால் கூடும் என்பது உறுதிப்படவில்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. மூன்றாம் மாதம் முதல் பத்தாம் மாதம் வரை மடி உடம்பைவிட வேகமாக வளருமாம். அப்போது தீனியை அளவுக்கு மீறித் திணித்தால் உடம்பில் இயல்பாகச் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் குறையும். பால் சுரக்கும் திசு வரவேண்டிய இடத்தில் கொழுப்பு சேரும். சித்தப்பா பாசத்தில் புண்ணாக்கும் தவிடும் அள்ளி வைப்பவர். "நல்லாத் தின்னாத்தானேப்பா மடி வரும்?" என்றார். அப்புறம் ஒத்துக்கொண்டார். இப்போது பசுந்தீவனம், சோளத்தட்டை, அளவாகப் புண்ணாக்கு, தாது உப்பு.

கறக்கும் நேரத்தில் சிலர் போடும் ஆக்ஸிடோசின் வேறு மருந்து. அது மடியில் இருக்கும் பாலை இறக்கும், அவ்வளவுதான்.