எண்ணெய்ப்பனைப் பலகைக்கு ஒரு சொல், வெள்ளிக்கிழமைக்குள்

கடலூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். தச்சுப் பயிற்சி மாணவர்களுக்கான கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு பாடம் மலேசியாவைப் பற்றியது. அங்கே பாமாயில் மரங்களை 25 ஆண்டு வாக்கில், காய்ப்பு குறைந்து குலை வெட்ட எட்டாமல் போனதும் சாய்த்து மறுநடவு செய்கிறார்கள். மிஞ்சும் அடிமரத்தைச் சீவியோ நொறுக்கியோ, பசை சேர்த்துச் சூட்டில் அழுத்திப் பலகையாக்குகிறார்கள். சீவியதற்கு ஒட்டுப்பலகை, நொறுக்கியதற்குத் துகள்பலகை என்று வைத்துவிட்டேன். இரண்டுக்கும் பொதுவாக 'எண்ணெய்ப்பனை மரக்கழிவுப் பலகை' சரிவருமா?

புதுச்சேரியிலிருந்து:

தம்பி, 'மர' என்பதை எடுத்துவிடுங்கள். தொல்காப்பிய மரபியலில் அகத்தே காழ் உள்ளது மரம், புறத்தே காழ் உள்ளது புல். அந்தக் கணக்கில் பனையும் தெங்கும் புல்தான். இன்றைய தாவரவியலும் பனையையும் நெல்லையும் ஒருவித்திலையில்தான் வைக்கிறது. 'புறக்காழ்ப் பலகை' என்பேன். காழ் என்றால் வைரம், கட்டையின் கெட்டியான பகுதி. விதையும் காழ், தூணும் காழ், மணிவடமும் காழ். மணிவடத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பார்த்தால், கோத்த மணிகள் ஒருகாலத்தில் விதைகளாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். விரிவாகத் தனியே எழுதுகிறேன்.

பண்ருட்டியிலிருந்து:

ஐயா, பலாவில் வைரம் பாய்ந்த கட்டை என்றால் இங்கே எந்தத் தச்சருக்கும் புரியும். காழ் என்றால் மாணவர் காதில் காழ்ப்புணர்ச்சிதான் விழும். ஆனால் அந்த நூற்பாவின் செய்தி கையேட்டுக்குக் கட்டாயம் வேண்டும். எண்ணெய்ப்பனையின் வெளிச்சுற்றில் நார்க்கற்றைகள் நெருக்கம். உள்ளே வெறும் சோறு, அதாவது மெத்தென்ற உட்பகுதி. அந்தச் சோற்றில் நீரின் எடை, காய்ந்த கட்டையின் எடையைப்போல் 5 மடங்கு வரை போகும். சர்க்கரையும் மாவும் இருப்பதால் வெட்டிய சில நாளிலேயே பூஞ்சை பிடிக்கும். காயும்போது சுருங்கிக் கோணும். பனைவாரை அறுப்பவர் சோற்றை ஒதுக்கிவிட்டு வெளிச்சுற்றை எடுப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது ஒரே வரியில் விளங்கிவிடும்.

அப்புறம், 'கழிவு' வேண்டவே வேண்டாம். அந்தப் பெயரோடு வரும் பலகையை எந்த வீட்டுக்காரர் வாங்குவார்?

நெய்வேலியிலிருந்து:

மலேசியத் தமிழர்கள் இதைச் செம்பனை என்கிறார்கள். தோட்டத்தில் உழைத்தவர்கள் புழங்கிய சொல், அழகான சொல். 'செம்பனைத் தண்டுப் பலகை' என்று வைக்கலாமே?

பண்ருட்டியிலிருந்து:

அழகுதான் அம்மா. ஆனால் கடலூர் மாவட்டத்திலும் இது பயிராகிறது. வேளாண் துறை எண்ணெய்ப்பனை என்றே எழுதுகிறது. விவசாயி வீட்டுப் பிள்ளை செம்பனையை வேறு ஏதோ மரம் என்று நினைத்துக்கொள்ளும்.

புதுச்சேரியிலிருந்து:

தண்டு என்றால் வாழைத்தண்டுதான் நினைவுக்கு வரும். பலகைக்கு வலிமை தருவது வெளிச்சுற்று. பெயரோ மென்மையைச் சொல்கிறது. புல்லின் தண்டுக்குத் 'தாள்' என்ற சொல் இருக்கிறதே?

கடலூரிலிருந்து:

தாள்பலகை என்றால் காகித அட்டை என்று படிப்பார்கள் ஐயா. பெரும்பாலோர் ஒத்துக்கொண்டபடி 'எண்ணெய்ப்பனைத் தண்டுப் பலகை' என்று அச்சுக்கு அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'மலேசியாவில் செம்பனை' என்று ஒரு குறிப்பு இருக்கும். புறக்காழ் பற்றிய செய்தியை, வைரம் என்ற சொல்லாலேயே, பாடத்தின் முதல் பத்தியில் சேர்த்துவிட்டேன்.

புதுச்சேரியிலிருந்து:

அச்சுக்கு அனுப்புங்கள் தம்பி, தடுக்கவில்லை. 'தண்டு' எனக்கு உடன்பாடில்லை. மணிவடக் கட்டுரை ஞாயிற்றுக்கிழமை வரும்.