ஃபேன் சுத்துது, நெருப்பு பிடிக்கலை: பழைய கேம்பர் வேன் ஃபர்னஸ் அனுபவங்கள்

நீலச்சுடர், கொலராடோ

1988 வேன், கேஸ்ல எரிஞ்சு வேனைச் சூடாக்கற 16,000 பிடியு (வெப்ப அளவு) ஃபர்னஸ். ராத்திரி ரெண்டு மணி, வெளியே மைனஸ் 11. தெர்மோஸ்டாட் சொடுக்குது, ப்ளோயர் சுத்துது, ஸ்பார்க்கோட டிக் டிக் சத்தம் மட்டும் வரவே இல்லை. ரெண்டு நிமிஷம் ஆச்சு, குழாயில் வெறும் குளிர்காத்துதான் வருது. ஃபர்னஸை இயக்கற சர்க்யூட் போர்டு போயிடுச்சுன்னு முடிவு பண்ணி புது போர்டும் மாட்டியாச்சு. மறுபடியும் அதேதான்.

கடைசியில், ப்ளோயர் ஓடிக்கிட்டிருக்கும்போதே ஃபர்னஸுக்குள்ள போற 12 வோல்ட் ஒயர்ல மல்டிமீட்டர் வெச்சா 10.1 காட்டுது. அதே நேரம் பேட்டரி முனையில் 12.3. நடுவுல 2.2 வோல்ட்டைத் தின்னது கிரவுண்ட் ஒயர், அதாவது பேட்டரி நெகடிவுக்குத் திரும்பற பக்கம். வேன் தகட்டில் ஒரே ஒரு ஸ்க்ரூ, அதுக்கு அடியில் பச்சையும் துருவும் கலந்த பொடி. உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகடு தெரியறவரை தேய்ச்சு, புது ரிங் லக், பல் வாஷர் வெச்சு முறுக்கினதும் மீட்டர் 11.9 காட்டிச்சு. 15 செகண்ட் கழிச்சு டிக் டிக் டிக், உடனே 'வுப்'புன்னு பர்னர் பிடிச்சது. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

உள்ளே செயில் ஸ்விட்ச்னு ஒண்ணு இருக்கு, காத்து அதோட சின்னத் தகட்டைத் தள்ளி மூடினாத்தான் ஸ்பார்க் வரும். ப்ளோயர் கிட்டத்தட்ட முக்கால் வேகத்தைத் தொட்டாத்தான் அது மூடும். வோல்ட் குறைஞ்சா ஃபேன் சுத்தும், ஆனா அந்தத் தகட்டைத் தள்ளற அளவுக்குக் காத்து இருக்காது. காதுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்கும். ஃபேன் நின்னிருக்கும்போது அளந்தா 12.4 காட்டி ஏமாத்தும். ஓடும்போதுதான் அளக்கணும்.

மேப்பிள்வேன், ஒன்டாரியோ

அண்ணை, நீங்கள் சொன்னது சரிதான். ஆனா வோல்ட் 12.6 ஒழுங்கா இருந்தும் இதே கோளாறு வரும். இங்க ப்ளோயர் கூட்டைக் கழட்டினால், செயில் ஸ்விட்சின்ர மெல்லிய கம்பியில் நாய் மயிர் ஒரு நூல்கண்டு மாதிரிச் சுத்திக் கிடந்தது. தகடு பாதி தூரம் போய் அங்கயே நிண்டுட்டுது. பின்சரால அந்த மயிரை உருவி எடுத்த கையோட, விரலால தள்ள 'கிளிக்' எண்டு விழுந்துது.

கழட்டமுதல் சிலிண்டரைப் பூட்டி, ஃப்யூஸையும் எடுத்துப்போட்டுச் செய்யுங்கோ. ஸ்விட்சுக்கு ரெண்டு ஸ்க்ரூ தான். கம்பியை வளைச்சுப்போடாதேங்கோ, வளைஞ்சால் பிறகு சரியான இடத்தில மூடாது. மீட்டரைத் தொடர்ச்சி பாக்கிறதில வைச்சு, சும்மா இருக்கேக்க திறந்தும் தள்ளினால் மூடியும் இருக்குதோ எண்டு பாருங்கோ. ப்ளோயர் சக்கரத்தின்ர இதழ்களுக்குள்ள இருக்கிற தூசியைப் பல் பிரஷால எடுங்கோ. அங்க ஒரு மில்லிமீட்டர் தூசி படிஞ்சாலே காத்து குறைஞ்சுபோம்.

மலைவழி, இடாஹோ

செயில் ஸ்விட்சுக்கு இவ்வளவு பாடா? ரெண்டு ஒயரையும் சேர்த்து ஒரு ஜம்பர் போட்டாச்சு, ரெண்டு சீசனா ஓடுது. உடனே சூடு வேணும்னா இதுதான் வழி.

பழுதுப்பெட்டி, ஆல்பர்டா

மலைவழி சகோ, அந்த ஜம்பரை இன்னைக்கே எடுத்துடுங்க. சோதனைக்கு ஒரு நிமிஷம் போட்டுப் பார்க்கலாம், பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டு. போட்டதும் பிடிச்சா பழுது ஸ்விட்ச்லயோ காத்திலயோன்னு தெரியும். அதோட அதன் வேலை முடிஞ்சது. நிரந்தரமா விட்டா, ப்ளோயர் மோட்டார் நின்னாலும் பர்னர் எரியும். அப்புறம் காவலுக்கு இருக்கறது, சூடு மீறினா நிறுத்தற லிமிட் ஸ்விட்ச் ஒண்ணுதான். எரியறதுக்கான காத்தை உள்ளே தள்ளறதும் அதே மோட்டார்தான், அதனால நெருப்பு காத்தில்லாம மஞ்சளா எரியும். நெருப்பு எரியற அறையோட தகடு அளவுக்கு மீறிச் சூடேறி, வருஷக்கணக்குல மடிப்புல விரிசல் விடும். அந்த விரிசல் வழியா வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தூங்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது.

இப்போ இங்க பார்த்த விஷயம். 1984 வேன், வெளிப்பக்கம் எக்ஸாஸ்ட் வாய்க்கு மேல வெள்ளைப் பெயின்ட்ல ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்பு விசிறி மாதிரி புகைக்கரி. ஃபர்னஸ் நல்லாத்தான் சூடு கொடுத்துக்கிட்டு இருந்தது, அதான் யாரும் கவனிக்கலை. எக்ஸாஸ்ட் குழாய்க்குள்ள டார்ச் அடிச்சா குளவி கட்டின மண்கூடு, மூணு அறை, குழாயோட முக்கால் வாயை அடைச்சிருக்கு. கோடை முழுக்க மூடி போடாம நின்ன வண்டிக்கு இது வரும். ப்ரொப்பேன்ல கலக்கற நாற்றப்பொருள் சிலந்தியையும் குளவியையும் இழுக்குதுன்னு சொல்வாங்க. ஓட்டைக்கு மெல்லிய கம்பிவலை போட்டுக்கலாம், ஆனா ஃபர்னஸ் தயாரிச்சவர் அந்த மாடலுக்கு ஒத்துக்கிட்ட வலையா இருக்கணும். மத்ததெல்லாம் காத்தை அடைச்சுடும்.

சுத்தம் பண்ணும் வரிசை சொல்றேன். கேஸை மூடி, அடுப்பைத் திறந்து குழாயில் மிச்சமிருக்கறதை எரிய விட்டுக் காலி பண்ணுங்க. ஃபிளேர் நட்டைக் கழட்டும்போது ரெண்டு ஸ்பேனர் போடுங்க, ஒண்ணு பிடிக்க, ஒண்ணு திருப்ப. இல்லைன்னா செம்புக் குழாய் முறுக்கிக்கும். பர்னர் வெளியே வந்ததும் அதோட பிளவுகளை நைலான் பிரஷ்ல தேய்ச்சு ஊதுங்க. ஆரிஃபிஸ் (கேஸ் வர்ற நுண்ணிய ஓட்டை) அடைச்சிருந்தா ஆல்கஹால்ல ஊற வெச்சு ஊதுங்க. ஊசியோ கம்பியோ ட்ரில்லோ உள்ளே விடவே கூடாது, ஓட்டை ஒரு துளி பெருசானாலும் கேஸ் அதிகமாகி நெருப்பு மஞ்சளாகிடும். கம்ப்ரசர் காத்தை கேஸ் வால்வுக்குள்ள ஊதவும் கூடாது.

அறைக்குள்ள டார்ச்சை விட்டு, இருட்டுல வெளியிலிருந்து பாருங்க. மடிப்பு வழியா வெளிச்சம் கசிஞ்சா அந்த அறையை வெல்டு பண்ணிப் பயன்படுத்தாதீங்க, மாத்தணும். திரும்ப மாட்டும்போது பர்னர் கேஸ்கெட்டும் எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டும் புதுசு போடுங்க. பழசு ஒரு தடவை கழன்றா மறுபடி அடைக்காது. ஃபிளேர் இணைப்புல டேப் சுத்தாதீங்க, டேப் வெறும் பைப் த்ரெட்டுக்கு மட்டும், அதுவும் கேஸுக்கான மஞ்சள் டேப். அமோனியா இல்லாத சோப்பு நுரை தடவி, குமிழ் வருதான்னு எல்லா மூட்டுலயும் பாருங்க. கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்குப் பின்னாடி தேதி இருக்கும், மாடலைப் பொறுத்து 5 முதல் 10 வருஷம்தான் ஆயுசு. பழைய வேன்கள்ல மஞ்சளா போய், பொத்தான் அமுக்கினா மட்டும் கத்தற அலாரம் நிறைய பார்க்கலாம். பொத்தான் கத்தறது சென்சார் வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்லை.

நெடுஞ்சாலை, மொன்டானா

மேலே எல்லாரும் காத்தையே பேசறீங்க. இங்க பிடிக்கும், சரியா அஞ்சு செகண்ட் எரியும், அணையும். மூணு தடவை முயற்சி, அப்புறம் பூட்டிக்கும். ஸ்பார்க் தர்ற எலக்ட்ரோடைக் கழட்டிப் பார்த்தா வெள்ளைப் பீங்கானில் தலைமுடி மாதிரி ஒரு கறுத்த கோடு. ஸ்பார்க் முனைக்குப் போகாம பாதியிலேயே அந்த விரிசல் வழியா தகட்டுக்குத் தாவிக்கிட்டு இருந்திருக்கு. ஒரே எலக்ட்ரோடுதான் பத்த வெக்கறதும், நெருப்பு இருக்குன்னு போர்டுக்குச் சொல்றதும். ஏழு செகண்டுக்குள்ள அது சொல்லலைன்னா போர்டு வால்வை மூடிடும். புதுசு போட்டு முனைக்கும் கம்பிக்கும் 3 மில்லிமீட்டர் இடைவெளி வெச்சதும் சரி. போர்டு ஓரத்தில் இருக்கற செம்புப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால தேய்ச்சுடுங்க, புது போர்டு வாங்கறதுக்கு முன்னாடி.

நீலச்சுடர், கொலராடோ

நெடுஞ்சாலை, எரிஞ்சு அணையற கோளாறுல எலக்ட்ரோடுக்கு முன்னாடி கேஸ் அழுத்தத்தையும் பாருங்கன்னு சொல்வேன். அழுத்தம் அளக்கற மானோமீட்டர் இல்லாதவங்களுக்கு: அடுப்புல ரெண்டு பர்னரைப் பத்த வெச்சுட்டு ஃபர்னஸைப் போடுங்க. வால்வு திறக்கற நொடியில அடுப்பு நெருப்பு படுத்துக்கிட்டா ரெகுலேட்டரோ (கேஸ் அழுத்தத்தைச் சீரா வெக்கறது) ஹோஸோ சரியில்லை. 11 அங்குல நீர் அழுத்தம் இருக்கணும், ரெண்டு மூணு உபகரணம் ஓடும்போதும். இன்னொண்ணு, சிலிண்டர் வால்வைப் படக்குன்னு திறந்தா உள்ளே இருக்கற பாதுகாப்பு அடைப்பான் பாதி மூடிக்கும், கேஸ் சொட்டுச் சொட்டா வரும். மூடி, ஒரு நிமிஷம் விட்டு, மெதுவா திறங்க.

மலைவழி, இடாஹோ

ஜம்பரை எடுத்துட்டேன். ஸ்விட்ச் தள்ளினா கிளிக் வருது, மீட்டரும் மூடினதாக் காட்டுது. ஆனா ப்ளோயர் ஓடும்போது ஃபர்னஸ்ல 10.4 தான்.

மேப்பிள்வேன், ஒன்டாரியோ

அப்ப ஸ்விட்சில பிழையில்லை. மீட்டரின்ர ஒரு முனையை பேட்டரி நெகடிவிலயும் மற்றதை ஃபர்னஸ் கிரவுண்டிலயும் வையுங்கோ, ப்ளோயர் ஓடேக்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினால் பிழை கிரவுண்ட் பக்கம். காட்டாட்டி பொசிட்டிவ் பக்கத்தில ஃப்யூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கோ, சுடுமெண்டால் அதுதான்.