ஃபிகாரோவின் கோபம் யாருடைய கோபம்?

நாடக மாணவி கேட்கிறார்:
பிரெஞ்சு நாடகாசிரியர் பொமார்ஷேயின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ என்ற நாடகம், பகுத்தறிவை முன்னிறுத்திய பதினெட்டாம் நூற்றாண்டு அறிவொளிக் காலத்து வர்க்க விமர்சனம் என்றே எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. தன் மணப்பெண் சூசான் மீது கண்வைத்திருக்கும் அல்மாவிவா பிரபுவை மனத்தில் நிறுத்தி, இத்தனை செல்வத்துக்கும் பதவிக்கும் நீர் செய்ததுதான் என்ன, பிறக்கும் சிரமத்தை மேற்கொண்டதைத் தவிர வேறொன்றுமில்லையே என்று ஐந்தாம் அங்கத்தில், தனியாக நின்று பேசும் தனிமொழியில், அவருடைய வேலைக்காரன் ஃபிகாரோ கேட்கிறான். ஆனால் 1784 ஏப்ரலில் பாரிஸ் பொதுமேடையில் இது அரங்கேறியபோது கைதட்டியவர்களில் பிரபுக்களும் இருந்தனர். எழுதியவரோ 1761இல் அரசரின் செயலர் என்ற பதவியை விலைக்கு வாங்கி உயர்குடி ஆனவர். இதை வர்க்க எதிர்ப்பு என்பது பொருந்துமா?

பழைய வாசகர்:
பொருந்தும், ஆனால் வேலைக்கார வர்க்கத்தின் எதிர்ப்பாக அல்ல. அதே தனிமொழியில் ஃபிகாரோ தன் குறைகளை அடுக்குவதைக் கவனியுங்கள்: வேதியியலும் மருந்தியலும் அறுவை மருத்துவமும் கற்றும் கால்நடை வைத்தியனின் கத்திதான் கைக்கு வந்தது, கணக்குத் தெரிந்தவன் தேவைப்பட்ட வேலை ஒரு நடனக்காரனுக்குப் போனது. திறமைக்குரிய இடத்தைப் பிறப்பு அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் அவன் வழக்கு. ஏழை ஏன் ஏழையாக இருக்கிறான் என்று அவன் கேட்கவில்லை. கடிகாரம் செய்பவரின் மகனாகப் பிறந்து, தானும் அத்தொழிலில் புதுமை செய்து, அரண்மனைவரை ஏறிய பொமார்ஷேயின் வழக்கும் அதுவே. பதவியை வாங்கியதை முரண்பாடு என்று நான் கொள்ளமாட்டேன், பணமிருந்தால் உயர்குடி ஆகலாம் என்ற நிலையே ‘பிறப்பு’ எவ்வளவு பொய் என்பதற்குச் சான்று.

அரங்கப் பின்னிருக்கை:
ஒன்றைச் சேர்க்க வேண்டும். பிறப்பைப் பரிகசிக்கும் இதே ஃபிகாரோ, கொள்ளையர் கடத்திய உயர்குடிக் குழந்தை தான் என்று மூன்றாம் அங்கம்வரை நம்புகிறான். பிறகுதான் பிரபு வீட்டில் பணிபுரியும் மார்செலின் தன் தாய் என்று தெரியவருகிறது. அந்தக் காட்சியில், ஏழைப் பெண்களைக் கெடுத்துவிட்டு அவர்களையே தண்டிக்கும் ஆண்களையும், பெண்களுக்குரிய தொழில்களையும் ஆண்கள் பறித்துக்கொள்வதையும் மார்செலின் நேருக்கு நேர் சாடுகிறாள். என் கணிப்பில் நாடகத்தின் மிகக் கூர்மையான வர்க்கக் குரல் இதுதான். நடிகர்கள் அதை மேடையில் வெட்டிவிட்டனர். அச்சிட்டபோது பொமார்ஷே அதைக் காப்பாற்றினார். ஃபிகாரோவுக்குக் கைதட்ட முடிந்த அந்த அரங்கில் மார்செலினுக்கு இடமில்லை.

நாடக மாணவி:
நன்றி. எங்கள் பாடநூலில் மார்செலின் வெறும் நகைச்சுவைப் பாத்திரம். அந்தக் காட்சியைத் தேடிப் படிக்கிறேன். இதே கதையை வைத்து மோட்சார்ட் இசையமைத்த இசைநாடகத்தில் இவற்றுள் எது எஞ்சியது?

பழைய வாசகர்:
வியன்னாவில் மூல நாடகத்தை மேடையேற்றப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1785இல் அனுமதிக்கவில்லை. அடுத்த ஆண்டு மோட்சார்ட்டின் இசைக்காக டா பொன்ட்டே எழுதிய இசைநாடகப் பிரதியில், பிரபுவைச் சாடும் தனிமொழி இருந்த இடத்தில், பெண்களை நம்பாதீர் என்று ஆண்களை எச்சரிக்கும் பாட்டை ஃபிகாரோ பாடுகிறான்.