பன்னிரண்டு மணி நேர டூட்டியில் தாய்ப்பால் எடுக்க நேரம் கேட்பது எப்படி?

கேள்வி: காசிமேட்டுச் செவிலி

வணக்கம். வடசென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். இருபத்தாறு வார மகப்பேறு விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது; மகளுக்கு இப்போது ஏழு மாதம். காலை எட்டு மணிக்குத் தொடங்கும் டூட்டி இரவு எட்டுக்கு முடிந்தாலும், அடுத்து வருபவரிடம் நோயாளிகளை ஒப்படைத்துவிட்டு வீடு போய்ச் சேர ஒன்பதாகிவிடுகிறது.

நண்பகலுக்குள் மார்பு கல்லாகிவிடுகிறது. கழிவறையில் நின்றபடி கைகழுவும் தொட்டியில் பீய்ச்சி விடுகிறேன். போன வாரம் பால் கட்டிக் காய்ச்சலும் வந்துவிட்டது. இன்சார்ஜ் சிஸ்டரிடம் நேரம் கேட்டேன். அவர் இரக்கமற்றவர் அல்லர். "வென்டிலேட்டரில் இருப்பவரை அந்த நேரம் யார் பார்ப்பது என்று நீயே சொல்" என்றார். என்னிடமும் பதில் இல்லை. 2015-இல் பேருந்து நிலையங்களில்கூடப் பாலூட்டும் அறைகளைத் திறந்தார்கள். எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்தில் எங்களுக்கென்று ஓர் அறை இல்லை. மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜில் பாலை வைக்க அனுமதியும் இல்லை. பவுடர் பாலுக்கு மாற்றிவிடலாம் என்கிறார் மாமியார். சட்டம் எனக்கு எதைத் தருகிறது, எடுத்த பாலை இந்த வெயிலில் எப்படிக் காப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற மகப்பேறு வார்டு செவிலியர், ராயபுரம்

தங்கைக்கு வணக்கம். முதலில் காய்ச்சலைப் பற்றி. பால் கட்டியிருக்கும்போது அந்தப் பக்கம் ஊட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பாலால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. மார்பு சிவந்து, காய்ச்சல் ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுக்கும் நாமே நமக்கென்று வரும்போது பாரசிட்டமாலை விழுங்கிவிட்டு டூட்டிக்குப் போய்விடுகிறோம்.

வெளியேறும் அளவுக்குத்தான் பால் மீண்டும் சுரக்கும். தேங்கி நின்றால் சுரப்பு தானாகக் குறையும். ஆகவே மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும். காலை எட்டு மணிக்குத் தொடங்கும் டூட்டிக்குப் பதினொன்று, இரண்டு, ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி உங்கள் சாப்பாட்டு நேரம் என்பதால், நீங்கள் கேட்க வேண்டியது மற்ற இரண்டு வேளைகளை மட்டுமே. பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான ப்ரோலாக்டின் இரவில் கூடுதலாகச் சுரப்பதால், வீட்டில் இருக்கும் இரவுகளில் நேரடியாக ஊட்டுவதை விட்டுவிட வேண்டாம்.

கையைச் சோப்பால் நன்றாகக் கழுவிவிட்டு, கொதிக்க வைத்து எடுத்த மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில் பீய்ச்சுங்கள். சாதாரண அறை வெப்பத்தில் பால் நான்கு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி அளவுக்கான கணக்கு. நம் ஊர் மே மாதத்துக்கு அதை நம்பக்கூடாது. உறைந்த ஐஸ் பைகளுடன் கூடிய சிறிய ஐஸ் பெட்டியில் ஒரு நாள் வரையிலும், வீட்டு ஃப்ரிட்ஜின் உட்புறத்தில் நான்கு நாள் வரையிலும் வைக்கலாம். மருந்து ஃப்ரிட்ஜை மறுத்தது சரியே, அதில் உணவுப் பொருள் எதையும் வைக்கக்கூடாது. ஊழியர்கள் சாப்பிடும் இடத்து ஃப்ரிட்ஜைக் கேளுங்கள். கொடுக்கும்போது அடுப்பில் காய்ச்சாமல், வெந்நீரில் கிண்ணத்தை வைத்துக் குளிர் தணித்துப் பாலாடையில், அதாவது குழந்தைக்குப் பால் புகட்டும் சிறு மூக்குக் கிண்ணத்தில், புகட்டச் சொல்லுங்கள். மாமியாருக்குப் பாலாடை பிடிக்க யாரும் கற்றுத்தர வேண்டியிருக்காது. அந்த வேலையை அவரிடம் ஒப்படைத்தால் பவுடர் பால் பேச்சும் குறையும் என்பது என் அனுபவம்.

பதில் 2: மருத்துவமனை நிர்வாகப் பிரிவில் பணிபுரிபவர், பெரம்பூர்

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு இடைவேளைக்கு மேலாக நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைத் தந்தது. 2017-இல் வந்த திருத்தம்தான் பன்னிரண்டு வார விடுப்பை இருபத்தாறாக உயர்த்தியது. ஐம்பது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்றுவர அனுமதிக்க வேண்டும் என்றும் 11-ஏ பிரிவைச் சேர்த்ததும் அதுவே. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்விரு ஏற்பாடுகளும் தொடர்கின்றன.

ஆனால் சட்டத்தை மட்டும் காட்டினால் வேலை நடக்காது என்பதை மேசையின் இந்தப் பக்கம் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அலுவலகத்தில் ஒருவர் இருபது நிமிடம் எழுந்து போனால் கோப்பு காத்திருக்கும். உங்கள் பிரிவில் நோயாளி காத்திருக்க மாட்டார். எனவே "நேரம் கொடுங்கள்" என்று கேட்பதைவிட, "அந்த நேரத்துக்கு என் இரண்டு படுக்கைகளையும் பார்ப்பவர் பெயரைப் பணிப்பட்டியலில் எழுதுங்கள்" என்று கேளுங்கள். சாப்பாட்டுக்குப் போகும்போது ஒருவர் மற்றவரின் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறீர்கள் அல்லவா, அதே ஏற்பாடுதான். பெயர் எழுதப்படாதவரை, அந்த நேரம் தோழியின் தயவாகவே இருக்கும். தயவு ஒரு நெருக்கடியான நாளில் காணாமல் போய்விடும். கோரிக்கையைக் குழந்தையின் பிறந்த தேதி, பதினைந்து மாதம் முடியும் தேதி இரண்டையும் குறிப்பிட்டு, செவிலியர் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்து நகலில் கையொப்பம் பெறுங்கள். முடிவுத் தேதி தெரிந்த கோரிக்கைக்கு நிர்வாகம் எளிதில் இணங்கும்.

பதில் 3: ஹவுஸ் கீப்பிங் மேற்பார்வையாளர், வியாசர்பாடி

செவிலியர்களாவது வாய்திறந்து கேட்கிறீர்கள். எங்கள் பெண்கள் ஒப்பந்ததாரர் மூலம் வருபவர்கள் என்பதால், மருத்துவமனை ஒப்பந்ததாரரைக் கைகாட்டுகிறது, அவர் மருத்துவமனையைக் கைகாட்டுகிறார். பணிக்கு வந்த ஒரு பெண்ணுக்காக அவருடைய தாயார் மூன்று மாதங்களாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் மதிய வெயிலில் வந்து, டோக்கன் கொடுக்கும் இடத்துக்கு அருகே உட்கார்ந்திருப்பார். பிறகு அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டார். எங்களுக்கும் அந்த இரண்டு இடைவேளைகள் உண்டா?

பதில் 2-இன் தொடர்ச்சி: பெரம்பூர்

உண்டு. நேரடியாகவோ ஏதேனும் ஒரு முகமை மூலமாகவோ கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண் என்றே 1961-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்திருந்தது; இப்போதைய சட்டத் தொகுப்பும் ஒப்பந்ததாரர் மூலம் அமர்த்தப்பட்டவரைப் பணியாளராகவே கொள்கிறது. நான் எழுதிய பதிலில் இதை நானே விட்டுவிட்டேன், சுட்டிக்காட்டியதற்கு நன்றி.

கேள்வி கேட்டவர்: காசிமேட்டுச் செவிலி

அனைவருக்கும் நன்றி. கடிதம் கொடுத்து ஒன்பது நாள் ஆயிற்று. பணிப்பட்டியலில் என் பெயருக்கு எதிரே பதினொன்று, ஐந்து என்ற மணிகளும் மாற்றுச் செவிலியரின் பெயரும் இப்போது எழுதப்படுகின்றன. இரண்டு நாள் மட்டும் அவசர நோயாளி வந்ததால் போக முடியவில்லை. காப்பகத்தைப் பற்றி யாரும் வாய்திறக்கவில்லை. அறைக்குப் பதிலாக ஈசிஜி அறையை இருபது நிமிடம் தருகிறார்கள். அதை ஹவுஸ் கீப்பிங் பெண்களும் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. மாமியார் பாலாடையில் புகட்டுகிறார், குழந்தை குடிக்கிறாள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் நாற்காலியை முட்டுக்கொடுத்து உட்கார்கிறேன். தாழ்ப்பாளுக்குப் பராமரிப்புப் பிரிவில் எழுதிக் கொடுத்தாயிற்று.