கம்பளத்துக்கு அடியில் கிடந்த பைன் பலகை: விக்டோரியா காலத்து வீடுகளில் பட்ட பாடு, இங்கிலாந்திலிருந்து நான்கு பேர் சொல்கிறார்கள்

வால்தம்ஸ்டோ, கிழக்கு லண்டன்

1890களில் கட்டிய வரிசை வீடு எங்களுடையது. வாங்கும்போது முன்னறையில் பழுப்பு நிறக் கம்பளம் ஒன்று சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தது. முன்பு இருந்தவர்கள் நாய் வளர்த்தவர்கள் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை, மழை நாளில் மூக்கே சொல்லிவிடும். ஒரு சனிக்கிழமை, ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். மதியத்துக்குள் மொத்தக் கம்பளமும் சுருண்டு தோட்டத்தில் கிடந்தது.

அடியில் ஹார்ட்போர்டு என்ற மெல்லிய அட்டைப்பலகை, அதில் சாணுக்கு ஒரு குட்டி ஆணி. அதற்கும் அடியில் ஏழு அங்குல அகலத்தில் பைன் பலகைகள். தேக்கைத் தவிர மற்றதெல்லாம் விறகு என்று நினைக்கும் எங்கள் அப்பா, வீடியோ காலில் பார்த்துவிட்டு, "ஆப்பிள் பெட்டி மரம்டா இது" என்றார். பெரிய தவறில்லை. பால்டிக் கரையிலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய மலிவான மரம்தான். சாதாரண வீடுகளில் இதை யாரும் அழகுக்காகப் போடவில்லை. ஆனால் குளிரில் மெதுவாக வளர்ந்த மரம். பலகையின் வெட்டு முனையைப் பார்த்தால் வளையங்கள் நெருக்கி நெருக்கி இருக்கும். இன்றைக்குக் கடையில் வாங்கும் பைனில் அந்த நெருக்கத்தைப் பார்ப்பது அபூர்வம்.

அறையின் நான்கு பக்கமும் இரண்டடி அகலத்துக்குக் கன்னங்கரேலென்று ஒரு பட்டை, நடுவில் வெறும் மரம். ஏதோ தீப்பிடித்த வீட்டை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் காலத்தில் நடுவில் சதுரமாகக் கம்பளம் விரித்து, வெளியே தெரியும் ஓரத்துக்கு மட்டும் கருஞ்சாயம் பூசுவது வழக்கம்.

அந்தக் கறுப்பு என் உயிரை வாங்கிவிட்டது. எங்கள் வீட்டில் பூசியிருந்தது தார் மாதிரியான சரக்கு. உப்புத்தாள் சூடானதும் இளகி, தாளின் பற்களை அடைத்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தாள் பாழ். கடைசியில் மண்டியிட்டு, கைச்சுரண்டியால் அங்குலம் அங்குலமாக எடுத்தேன். இரண்டு வார இறுதிகள் போயின.

நடுப்பகுதிக்கு, உப்புத்தாள் சுற்றிய உருளையால் தரையை இழைக்கும் ட்ரம் சாண்டர் வாடகைக்கு எடுத்தேன். தும்பு கட்டிய கன்றுக்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு ஓடும் இயந்திரம் அது. உருளை தரையைத் தொடும்போது இயந்திரம் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், நின்றால் உருளையைத் தூக்கிவிட வேண்டும். வாடகைக் கடையில் இரண்டு தடவை சொல்லித்தான் அனுப்பினார்கள். மூன்றாவது வரிசையில் மனைவி வாசலில் நின்று டீ வேண்டுமா என்று கேட்டாள். திரும்பி, வேண்டும் என்றேன். அவ்வளவுதான். கணப்புக்கு முன்னால் தாம்பாளம் கவிழ்த்த மாதிரி ஒரு பள்ளம்.

போதாக்குறைக்கு ஆணிகளை முழுக்க உள்ளே இறக்காமல் விட்டிருந்தேன். பழைய ஆணிகள் உருண்டை இல்லை, தகட்டிலிருந்து வெட்டிய பட்டை ஆணிகள். ஒவ்வொன்றையும் பஞ்ச் வைத்து மூன்று மில்லிமீட்டராவது இறக்கியிருக்க வேண்டும். விட்டுப்போன ஒரு ஆணியில் தாள் மாட்டி, துப்பாக்கி வெடித்தது போலக் கிழிந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டி நலம் விசாரித்தார்.

லெஸ்டர்

உங்களுக்காவது பலகை மிச்சமிருந்தது. எங்கள் வீட்டில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பே விண்டோ ஜன்னல் பக்கம் நடந்தால் தரை மெத்தை மாதிரி அமுங்கும். பழைய வீடு அப்படித்தான் இருக்கும் என்று ஒரு வருடம் சமாதானம் சொல்லிக்கொண்டோம். சாண்டிங் செய்யும் முன் ஒரு பலகையைத் தூக்கிப் பார்க்கலாம் என்று கடப்பாரையை நுழைத்தால், அடியிலிருந்து காளான் வாடையோடு குளிர்ந்த காற்று வந்தது. பலகையைத் தாங்கும் உத்தரத்தின் சுவர்ப்பக்க முனையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். கேக்கில் இறங்குவது போலக் கைப்பிடி வரை போய்விட்டது.

காரணம் வெளியே இருந்தது. இந்த வீடுகளில் கீழ்த்தளப் பலகைகள் மண்ணுக்கு மேலே வெற்றிடம் விட்டு, உத்தரங்கள் மேல் நிற்பவை. அந்த வெற்றிடத்துக்குக் காற்று வரத்தான் வெளிச்சுவரின் அடியில் துளை போட்ட செங்கல் வைத்திருப்பார்கள், ஏர் பிரிக் என்பார்கள். எங்களுக்கு முன்னால் இருந்தவர் முன்வாசலுக்குக் கான்கிரீட் போட்டு உயர்த்தியபோது அது பாதி புதைந்துவிட்டது. மீதிப் பாதியை, குளிர்காற்று வருகிறதென்று அவரே பஞ்சு வைத்து அடைத்திருந்தார்.

நல்லவேளை, வந்திருந்தது ஈரத்தில் இற்றுப்போகும் வகைதான். செங்கல் சுவருக்குள்ளேயே நூல்விட்டுப் பரவி, செந்தூள் கொட்டும் அந்தப் பெரிய பூஞ்சையாக இருந்திருந்தால் பாதி முன்னறையைப் பிரித்திருக்க வேண்டும். நான்கு உத்தரங்களின் முனையை வெட்டி, புதுக் கட்டை சேர்த்து போல்ட் போட்டார்கள். வெளியே கான்கிரீட்டை உடைத்து எடுத்தோம். தரையை இழைக்க ஒதுக்கிய பணம் முழுக்க அடியிலேயே போய்விட்டது. அந்த அறையில் இன்றைக்கும் பாயை விரித்துத்தான் உட்காருகிறோம்.

டூட்டிங், தெற்கு லண்டன்

எனக்கு இதுவே தொழில், தம்பி. ஆட்கள் பலகையைக் கண்டதும் மெஷினை எடுக்க ஓடுகிறார்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று தரம் இழைத்த தரையென்றால் ஒரு மில்லிமீட்டரும் பெரிய விஷயம். நாக்கும் குழியுமாகக் கொழுவிய பலகை என்றால் மேல்விளிம்பு மெலிந்து சிராயாகக் கிளம்பும், பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற வீட்டில் அது சரிவராது.

குண்டூசி முனையை விடச் சற்றுப் பெரிய துளைகள் கண்டால் பயந்துவிட வேண்டாம். உளுத்துப் பல வருடம் ஆன, வண்டு பறந்துபோன துளைகளாகவும் இருக்கும். துளையைச் சுற்றிப் புதிதாக வெளிறிய மாவு விழுகிறதா என்று பாருங்கள். பழைய பெயின்ட் இருந்தால் சாண்டிங் முன் சோதித்துப் பார்க்க வேண்டும். 1960களுக்கு முந்தியதென்றால் ஈயம் இருக்கக்கூடும். பழைய பிளாஸ்டிக் ஓடு, அடியில் கறுப்புப் பசை என்றால் சுரண்டவே வேண்டாம். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அதை இங்கே முழுதாகத் தடை செய்ததே 1999இல்தான்.

பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கு மாப்பசை போட்டு நிரப்புகிறவர்கள் உண்டு. பைன் குளிர்காலத்தில் ஹீட்டர் சூட்டில் ஒடுங்கும், கோடையில் விரியும். பசை வெடித்துத் துண்டு துண்டாக எழும்பும். பழைய பலகையிலேயே ஆப்பு மாதிரி மெல்லிய சிம்பு சீவி, ஒரு பக்கம் மட்டும் பசை தொட்டு இறக்கினால் வடிவாக இருக்கும்.

எண்ணெய் துடைத்த துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் கலந்த பூச்சு காயும்போது சூடு கிளப்பும். பழக ஆரம்பித்த காலத்தில் நான் துணிகளை உருட்டிக் குப்பைப் பையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வரும்போது பை புகைந்துகொண்டிருந்தது, பையின் அடி உருகித் தரையில் ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து துணியை வெளியே விரித்துக் காயப்போடாமல் வேலையிடத்தை விட்டு வருவதில்லை.

மான்செஸ்டர்

எங்களுடையது இரண்டாகப் பிரித்த பழைய வீட்டின் மேல்தளம். தரை பொன் மாதிரி வந்தது. மூன்றாம் நாள் கீழ்வீட்டுக்காரர் வந்து, எங்கள் மகள் பொம்மையைக் கீழே போடுவது முதல் நான் செருப்பைக் கழற்றுவது வரை தனக்குக் கேட்கிறது என்றார். லீஸ் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், தரை முழுக்கக் கம்பளம் இருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. புதுக் கம்பளம் வாங்கிப் போட்டாயிற்று. அடியில் பொன் இருக்கிறது என்று விருந்தாளிகளிடம் சொல்லிக்கொள்கிறோம்.

மறுபடியும் வால்தம்ஸ்டோ

டூட்டிங் அண்ணா சொன்னதை முன்பே கேட்டிருந்தால் பின்னறையைப் போலவே முன்னறையையும் செய்திருப்பேன். முன்னறைக்கு எண்ணெய் கலந்த வார்னிஷ் மூன்று கோட் அடித்தேன், ஒரே வருடத்தில் மாம்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. பின்னறையில் மெஷினே வைக்கவில்லை. சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்து, இரண்டு நாள் காயவிட்டு, கிளம்பிய சிராய்களை மட்டும் கையால் உப்புத்தாள் போட்டு எடுத்து, வெள்ளைச் சாயம் துளி கலந்த மெழுகெண்ணெய் பூசினேன். மைக்கறை, ஆணித்தடம், யாரோ கட்டிலை இழுத்த கீறல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. எனக்கு அந்த அறைதான் பிடிக்கிறது.

போன கோடையில் அப்பா வந்திருந்தார். செருப்பில்லாமல் முன்னறையில் நடந்தவர், கணப்புக்கு முன்னால் நின்று காலால் தடவிப் பார்த்தார்.

"இங்க மட்டும் ஏன்டா பள்ளமா இருக்கு?"

"டீ குடிச்ச இடம்ப்பா" என்றேன்.