எம்.2 ஸ்லொட்டைத் தெரிவுசெய்தபோது நேர்ந்தவை: அனுபவப் பகிர்வு

கொக்குவில் படத்தொகுப்பாளர்:

கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் எடுக்கும் ஒளிப்பதிவுகளைத் தொகுப்பது என் தொழில். என் கணினியின் பி550 போட்டில் (மதர்போட், அதாவது தாய்ப்பலகையில்), மெல்லிய பட்டை வடிவ எஸ்.எஸ்.டி.யை (சுழலும் தட்டு இல்லாத வேகச் சேமிப்பகத்தை) நேராகப் பூட்டும் எம்.2 ஸ்லொட்டுகள் இரண்டில் கீழே உள்ளதில் இரண்டாவது எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பூட்டி இயக்கியபோது, பழைய பதிவுகள் அனைத்தையும் வைத்திருந்த இரண்டு சாட்டா (கேபிளால் போட்டுடன் இணையும் வகை) ஹாட் டிஸ்க்குகளும் பயோஸ் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) பட்டியலிலிருந்தே மறைந்துவிட்டன. கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றிக் காதை அருகே கொண்டுபோனால் இரண்டும் சுழலும் ஒலி கேட்கிறது. விரலை வைத்தால் அதிர்வு தெரிகிறது. திரையிலோ சாட்டா 5, சாட்டா 6 ஆகிய இரண்டு வரிகளுக்கும் நேரே எதுவுமில்லை. கனடாவில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்த ஒரு கலியாண வீட்டின் பதிவு முழுவதும் அவற்றில் ஒன்றிலேதான் கிடந்தது.

கொண்டுசென்று காட்டிய இடத்தில், மின்தடையால் இரண்டும் பழுதாகிவிட்டன, தரவை மீட்க வேண்டுமானால் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று உறுதியாகச் சொன்னார்கள். இரண்டு டிஸ்க்குகள் ஒரே வேளையில், அதுவும் நான் எஸ்.எஸ்.டி. பூட்டிய அதே வேளையில் பழுதாகும் என்பதை என் மனம் ஏற்கவில்லை. வீட்டுக்கு வந்து போட்டின் கையேட்டைப் புரட்டியபோது, ஸ்லொட்டுகளின் அட்டவணைக்குக் கீழே மிகச் சிறிய எழுத்தில், இரண்டாவது எம்.2 ஸ்லொட் பயன்பாட்டில் இருந்தால் சாட்டா 5, 6 இயங்கமாட்டா என்று அச்சிட்டிருந்தது. சிப்செட்டிடம் (போட்டின் இணைப்புகளைக் கையாளும் சில்லிடம்) உள்ள லேன்கள், அதாவது தரவு செல்லும் பாதைகள், அளவானவை என்பதால், ஒரே லேன்களை ஸ்லொட்டுக்கும் அந்த இரண்டு போர்ட்டுகளுக்கும் பொதுவாக வைத்து, ஸ்லொட் நிரம்பியதும் போர்ட்டுகளை அடைத்துவிடுகிறார்கள். கேபிள்களை 1, 2 ஆகிய போர்ட்டுகளுக்கு மாற்றியதும் இரண்டு டிஸ்க்குகளும் ஒரு கோப்புக்கூடக் குறையாமல் வந்து நின்றன. அதே பேச்சை நம்பி, நல்ல டிஸ்க்கைக் கைவிட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது.

சாவகச்சேரி வாசகி:

எங்களுக்கு நேர்ந்தது வேறு விதமானது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் தங்கைக்காக, 2021இல் பி560 போட்டும் பத்தாம் தலைமுறை ஐ5 செயலியும் வாங்கினோம். செயலிக்கு அருகில் இருக்கும் மேல் ஸ்லொட்டே சிறந்தது என்று எல்லோரும் சொன்னதால் எஸ்.எஸ்.டி.யை அதிலேயே பூட்டினோம். விண்டோஸ் நிறுவும் திரையில், எந்த டிஸ்க்கில் நிறுவுவது என்று கேட்கும் பெட்டி வெறுமையாகவே வந்தது. தங்கை அந்தப் பெட்டியைப் பார்த்தபடி, "அக்கா, நாங்கள் பழுதானதை வாங்கிவிட்டோமா?" என்று கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பத்தாம் தலைமுறைச் செயலியில் 16 லேன்களே உண்டு, அவை முழுவதும் கிராபிக்ஸ் காட்டுக்குப் போய்விடும், எம்.2 ஸ்லொட்டுக்கென மேலும் நான்கு லேன்கள் பதினோராம் தலைமுறையில்தான் வந்தன. அதனால் அந்தப் போட்டின் மேல் ஸ்லொட் எங்கள் செயலியுடன் வேலையே செய்யாது. கீழ் ஸ்லொட்டுக்கு மாற்றியதும் எஸ்.எஸ்.டி. தெரிந்தது. போட், செயலி இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதி விற்றவர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சுன்னாகம் தொழில்நுட்பவியலாளர்:

கொக்குவில் அண்ணா எழுதியதை எல்லாப் போட்டுகளுக்கும் பொதுவிதியாக எடுத்துக்கொள்ளக்கூடாது. என்னிடம் வந்த பழைய இன்டெல் போட் ஒன்றில், எம்.2 ஸ்லொட்டில் சாட்டா வகை எஸ்.எஸ்.டி. பூட்டினால் மட்டுமே ஒரு போர்ட் அடைபடும், அதைவிட வேகமான என்.வி.எம்.இ. வகை பூட்டினால் எதுவும் அடைபடாது. யாரோ சொன்னதைக் கேட்டு, அதன் உரிமையாளர் டி.வி.டி. டிரைவின் கேபிளை வீணாகப் பிடுங்கி வைத்திருந்தார்.

புதிதாகக் கணினி பூட்டுபவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைச் செயலியுடன் நேரடியாக இணைந்த மேல் ஸ்லொட்டிலேயே வையுங்கள். முழு வேகமும் அங்கேதான் கிடைக்கும். எஸ்.எஸ்.டி.யைச் சற்றுச் சாய்வாகப் பிடித்து உள்ளே தள்ளிய பிறகே கீழே அழுத்தி ஆணியை முறுக்க வேண்டும். நுனியில் உள்ள பொன்னிறக் கால்கள் ஒருபக்கம் அதிகமாக வெளியே தெரிந்தால் அது முழுமையாக உள்ளே போகவில்லை என்று பொருள். ஆணி நிற்கும் சிறிய பித்தளைக் காலை உங்கள் எஸ்.எஸ்.டி.யின் நீளத்துக்குரிய (பெரும்பாலும் 80 மில்லிமீற்றர்) துளைக்கு முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். வெப்பத் தகட்டின் அடியில் உள்ள ஒட்டுப்பட்டையின் மேல் மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஒன்று இருக்கும், அதை உரிக்க மறக்கவேண்டாம். அது உரிக்கப்படாமல் என்னிடம் வரும் கணினிகள் பல. சித்திரை வெயிலில், மூடிய அறையில் இயங்கும் கணினிக்கு அந்தத் தகடு கட்டாயம் வேண்டும். சூடு எல்லை மீறினால் எஸ்.எஸ்.டி. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

திருநெல்வேலி ஆசிரியர்:

மேல் ஸ்லொட்டில் முழு வேகமும் கிடைக்கும் என்று சுன்னாகம் தம்பி எழுதியதை நான் மறுக்கிறேன். நொடிக்கு 7,000 மெகாபைட் என்று பெட்டியில் எழுதிய நான்காம் தலைமுறைப் பி.சி.ஐ.இ. (செயலியும் எஸ்.எஸ்.டி.யும் தரவு பரிமாறும் இணைப்பு முறை) எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பம்பலப்பிட்டியிலிருந்து எடுப்பித்து, பி550 போட்டின் மேல் ஸ்லொட்டிலேயே பூட்டினேன். அளந்து பார்த்தபோது 3,500ஐத் தாண்டவில்லை. ஸ்லொட் நான்காம் தலைமுறையை ஏற்கக்கூடியதுதான்; ஆனால் என் ரைசன் 5 5600ஜி செயலி மூன்றாம் தலைமுறைப் பி.சி.ஐ.இ. வேகத்தோடு நின்றுவிடுகிறது. கிராபிக்ஸ் காட் இல்லாமல் கணினி பூட்டுவதற்காக இங்கு பலர் வாங்குவது அந்தச் செயலியைத்தான். அவர்களுக்கு மேல் ஸ்லொட்டும், நான்கு லேன்கள் உள்ள கீழ் ஸ்லொட்டும் வேகத்தில் ஏறக்குறைய ஒன்றே. ஸ்லொட்டின் இடத்தை மட்டும் பார்த்து ஆலோசனை சொல்வது, சாவகச்சேரிப் பிள்ளைகளுக்கு நேர்ந்ததைத்தான் மற்றவர்களுக்கும் கொண்டுவரும்.

நல்லூர் மாணவன்:

எனது எஸ்.எஸ்.டி.யின் பொன்னிறக் கால்கள் உள்ள நுனியில் இரண்டு வெட்டுகள் இருந்தன. அது ஸ்லொட்டில் தடையின்றிப் பொருந்தியது, ஆணியும் சரியாக நின்றது. ஆனாலும் கணினிக்குத் தெரியவில்லை. அது எம்.2 வடிவில் வரும் சாட்டா எஸ்.எஸ்.டி., எனது ஸ்லொட்டோ என்.வி.எம்.இ. மட்டும் ஏற்பது. பொருந்துகிறது என்பதாலேயே வேலைசெய்யும் என்று நம்பி, பெட்டியையும் பற்றுச்சீட்டையும் வீசியிருந்தால் மாற்றித் தந்திருக்கமாட்டார்கள்.

கொக்குவில் படத்தொகுப்பாளர்:

சுன்னாகம் தம்பி, பொதுவிதி என்று நான் எழுதவில்லை. என் போட்டின் கையேட்டில் அச்சிட்டிருந்ததையே எழுதினேன். உங்களிடம் வந்த போட்டின் கையேட்டிலும் அதற்கேற்ற குறிப்பு நிச்சயம் இருந்திருக்கும். ஆசிரியர் ஐயா, செயலியைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் புதிது. அடுத்த மாதம் தம்பிக்குப் பூட்டவிருக்கும் கணினியின் பட்டியலில் 5600ஜிதான் இருக்கிறது, ஆகவே விலை குறைந்த மூன்றாம் தலைமுறை எஸ்.எஸ்.டி.யையே எழுதச் சொல்லிவிட்டேன்.